மறைபொருள் வேட்டையும் மறைக்கப்பட்ட உழைப்பும்: பழைய வீடியோ விளையாட்டுக்களின் வாசிப்பு குறித்து

இலக்கியம் என்ற சொல்லுக்குள் அடங்காதனவென நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த பல கலைவடிவங்கள் இன்று பல்கலைக்கழக ஆய்வுக்குள் நுழைந்துள்ளன. கூத்தும் நாட்டார் பாடலும் ஆய்வுக்குரியனவே என்பதை நிலைநாட்ட எமது முன்னோடிகள் ஒரு காலத்தில் வாதிட வேண்டியிருந்தது. அந்த வரிசையில் இப்போது வீடியோ விளையாட்டுக்களும் சேர்ந்துள்ளன. கோடிக்கணக்கான மக்களின் ஓய்வுநேரத்தை ஆட்கொண்டுள்ள ஒரு வடிவத்தைத் திறனாய்வாளர் புறக்கணிப்பதற்கு நியாயமில்லை. ஆதலால் இவ்வருகை வரவேற்கத்தக்கதே. ஆயின் அவ்வடிவம் எவ்வாறு வாசிக்கப்படுகின்றது என்பது வேறு வினா. அவ்வினாவையே ஈண்டு நோக்குகின்றோம்.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் தோன்றி, இன்று ‘செவ்வியல்’ என்ற அடைமொழியுடன் பேசப்படும் விளையாட்டுக்களைப் பற்றி எழுதப்படுவனவற்றுட் பல ஒரே பாங்கினவாக உள்ளன. விளையாட்டு ஒரு பூட்டிய பெட்டி. உள்ளே ஓர் இரகசியம். திறனாய்வாளர் கையில் திறவுகோல். 1980இல் வெளிவந்த ‘பக்மன்’ புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடுகின்றது. ஆகவே அது நுகர்வு வெறியின் குறியீடு. 1985இல் வெளிவந்த விளையாட்டின் நாயகனான மரியோ சிவப்புத் தொப்பியும் மீசையும் உடையவன். ஒரு கட்டம் முடிந்ததும் கோட்டையின்மீது உடுப் பொறித்த கொடி எழுகின்றது. ஆகவே அது பொதுவுடைமைப் பிரசாரம். அதே மரியோ வழியெங்கும் நாணயம் பொறுக்குவதால் முதலாளியத்தின் துதிபாடகனும் ஆகின்றான். ஒரே பாத்திரம் இரு எதிர்முனைகளுக்கும் ஒருங்கே சான்றாவது இவ்வாசிப்பாளர்களை உறுத்துவதில்லை. ஒலுவிலில் எமது மாணவர் சமர்ப்பிக்கும் ஒப்படைகளிலும் இப்போக்கைக் காண்கின்றோம். மரியோவை எம்மவனாக்கும் வாசிப்பு மார்க்சியர்களாகிய எமக்கு உவப்பாயிருக்கலாம். எனினும் அதனை முதலில் மறுக்கவேண்டியவர்கள் நாமே.

மறைபொருள் தேடுவது தன்னளவிற் பிழையன்று. தமிழிலே அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி உண்டு. ஆனால் அப்பயிற்சியின் சிறப்பு, அது எல்லை வகுத்துக்கொண்டமையிலேயே தங்கியுள்ளது. உள்ளுறை உவமம் பற்றிப் பேசும் தொல்காப்பியர், அது கருப்பொருள்களில் தெய்வம் ஒழிந்தவற்றைத் தளமாகக் கொண்டே எழும் என வரையறுத்தார். மருதத்து எருமை தாமரையை மேய்ந்தால் அது தலைவனின் புறத்தொழுக்கத்தைச் சுட்டும் என்பது உரையாசிரியர் ஒருவரின் தனிக் கண்டுபிடிப்பன்று; பாடியோரும் கேட்டோரும் ஒருங்கே அறிந்திருந்த மரபு. நச்சினார்க்கினியர் நெடுநல்வாடையைப் புறமென வகுத்தமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். வேலிற் சூடிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அகப்பாட்டில் ஒருவர் இயற்பெயர் சுட்டப்படலாகாது. அடையாளப் பூவும் பெயரைச் சுட்டியதற்கு ஒக்கும். ஆதலால் அது அகமாகாது. முடிவை ஏற்பினும் மறுப்பினும், அவர் எவ்விதியின்படி அதனை அடைந்தார் என்பது எவருக்கும் தெரியும். அதே நச்சினார்க்கினியர் ‘மாட்டு’ என்ற பெயரால் பத்துப்பாட்டின் அடிகளைத் தொலைவிலிருந்து எடுத்துப் பொருத்தியபோது மறைமலையடிகள் போன்றோர் அதனைக் கடிந்தனர். கடிந்தமைக்குக் காரணம், பொருள் கண்டதன்று. பாட்டின் ஒழுங்கு தாங்காத பொருளைக் கண்டதே. குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியிற் காதல்மொழி இறைமொழியாவதும் இத்தகைய பொதுவுடன்பாட்டினாலேயே. அவ்வுடன்பாடு பாடலுக்கு வெளியே, அதனைப் பாடிய மக்களின் வழக்கில் உள்ளது.

பாட்டுக்குப் பொருந்துவது விளையாட்டுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். விளையாட்டிற் குறியீடு தேடுவது எமது கரையோரத்துக்கும் புதிதன்று. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ்க் கிராமங்களிற் கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்து நிகழ்ந்துவந்த கொம்புமுறியை எடுத்துக்கொள்வோம். ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். கோவலன் கட்சி, கண்ணகி கட்சி என்பர். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இருபுறமும் இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். இதன் சிங்கள வடிவம் அங்கெளிய. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் உளப்பகுப்பாய்வு வழிநின்று இதனைப் பாலியல் அச்சங்களோடு தொடர்புபடுத்தி விளக்கினார். முதற்பார்வைக்கு இதுவும் மிகைவாசிப்பாகவே தோன்றும். ஆனால் அவர் வெறும் கொம்பின் வடிவத்தை மாத்திரம் பார்த்துவிட்டு எழுதவில்லை. பல்லாண்டுக் களஆய்வும், சடங்குப் பாடல்களின் பெருந்தொகுப்பும், தோற்றோரை வென்றோர் ஏசிப் பாடும் வசைகளும் அவர் கையில் இருந்தன. விளையாடுவோரே பாடிக்காட்டிய பொருளை அவர் விரித்துரைத்தார் எனலாம். பிராய்டின் கோட்பாட்டை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமா என்பதில் எமக்கு ஐயம் உண்டு. சேரிப் பிரிவின் பின்னாலுள்ள சமூக உறவுகளுக்கே நாம் கூடிய இடம் கொடுப்போம். எனினும் அவரோடு வாதிட முடிகின்றது. மரியோவின் மீசையில் ஸ்டாலினைக் காண்பவரோடு வாதிட முடிவதில்லை. அவரிடம் சான்று இல்லை, ஒப்புமை மட்டுமே உண்டு.

அந்த மீசையின் வரலாறு எளியது. மரியோவாகப் பின்னர் வளர்ந்த உருவம் 1981இல் ‘டொங்கி கொங்’ விளையாட்டிற் பிறந்தது. மிகச் சில புள்ளிகளால் ஒரு மனிதனைத் திரையில் வரையவேண்டியிருந்தது. வாயை வரைய இடம் போதாது. மீசை வைத்தால் மூக்கு தெரியும். தலைமயிர் அசைவதை வரைவது கடினம். தொப்பி அச்சிக்கலைத் தீர்த்தது. கை அசைவது உடலிலிருந்து பிரிந்து தெரியவேண்டும். அதற்காகத் தொழிலாளர் அணியும் மேலங்கி. இவற்றை அவ்வுருவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவே விளக்கியுள்ளார். 1985இன் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதனாலேயே அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். நிறம் மாத்திரம் வேறு. எமது பிரதேசத்தில் ஞானமார்க்க ஈடுபாடுடைய ஒருவர் இதிலே வஹ்தத்துல் வுஜூதையே கண்டுவிடக்கூடும்! உண்மையில் அது நினைவகத்தின் விலை.

ஆயின் ‘எல்லாம் தொழில்நுட்பக் கட்டாயம்’ என்று கூறி அமைவதும் பொறிமுறைவாதமேயாகும். இதற்கு 1978இல் யப்பானின் டைட்டோ கம்பனிக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ தக்க சான்று. வேற்றுக்கிரகத்தார் வரிசைவரிசையாக இறங்கி வருகின்றனர். அவர்கள் குறையக் குறைய எஞ்சியோர் மேன்மேலும் விரைகின்றனர். எஞ்சியவர்களின் வெறியை, சுற்றிவளைக்கப்பட்டோரின் கடைசி மூச்சை இதிற் கண்டு எழுதுவது எளிது. நடந்தது யாதெனில், திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் கணிக்கும் சில்லின் சுமை குறைந்தது. மீதியை அது விரைவாக வரைந்தது. நிஷிகாடோ இதனைத் திட்டமிடவில்லை. கண்டபின் அதனைத் திருத்தாமல் விட்டார். விளையாட்டின் பதற்றம் கூடுகின்றது என்பதை உணர்ந்தே விட்டார். கருவியின் வரம்பு கலைவடிவத்தின் விதியாக மாறிய கணம் அது. பொருள் ஒன்று அங்கே பிறக்கத்தான் செய்கின்றது. ஆனால் அது ஆசிரியர் மனத்திற் புதைத்துவைத்த பொருளன்று. கருவி, உழைப்பவன், விளையாடுவோன் ஆகிய மூன்றுக்குமிடையே செய்முறையில் விளைந்தது. இயங்கியல் என்பதை விளக்க இதைவிட எளிய உதாரணம் வகுப்பறையில் எமக்குக் கிட்டியதில்லை.

மறைபொருளே வேண்டாத விளையாட்டுக்களும் உண்டு. 1980இல் அட்டாரி வெளியிட்ட ‘மிசைல் கொமாண்ட்’ ஆறு நகரங்களை ஏவுகணைகளிலிருந்து காக்கச் சொல்கின்றது. எவ்வளவு திறமையாகக் காத்தாலும் ஈற்றில் அவை அழியும். வெல்லும் வழியே இல்லை. முடிவில் ‘விளையாட்டு முடிந்தது’ என்ற வழமையான வாசகம் வருவதில்லை; ‘முடிவு’ என்பதே வருகின்றது. அதனை ஆக்கிய டேவ் தூரர் அணுகுண்டு வெடிப்பைக் கனவிற் கண்டு விழித்ததைப் பின்னர் கூறியுள்ளார். பனிப்போரின் அச்சம் இங்கு வெளிப்படையாக, விதியாகவே நிற்கின்றது. பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை.

புலமையுலகில் மிகப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது ‘டெட்ரிஸ்’. ஜெனற் மறி 1997இல் வெளியிட்ட நூலில், விழுந்துகொண்டேயிருக்கும் கட்டைகளை ஓய்வின்றி அடுக்கும் இவ்விளையாட்டு, 1990களின் அமெரிக்கர் சுமந்த மிகைவேலையின் நிகழ்த்துகையே என எழுதினார். 2001இல் பின்லாந்து அறிஞர் மார்க்கு எஸ்கெலினன் இதனை வாசிப்பு வன்முறை எனச் சாடினார். விளையாட்டை விளையாட்டாக நோக்காது, அதன்மீது தமக்கு வேண்டிய கதையை ஏற்றுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. விளையாட்டாய்வில் ஈரணிகள் பிரிந்தமைக்கு இது ஒரு முக்கிய தருணம்.

இருவரும் கேளாத வினாவை நாம் கேட்போம்: அதனைச் செய்தவர் யார், எந்நிலையில்? 1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் அலெக்சேய் பஜித்னொவ் இதனை ஆக்கினார். விற்பதற்காக அல்ல, அவ்வாறு விற்கும் சந்தையும் அங்கிருக்கவில்லை. அவர் வேலைசெய்த ‘எலெக்ட்ரோனிக்கா 60’ பொறியில் எழுத்துகளால் மட்டுமே கட்டைகளைக் காட்ட முடிந்தது. விளையாட்டு கைக்குக் கை பிரதியாகிப் பரவியது. ஆகவே அமெரிக்க வாழ்வின் நிகழ்த்துகை என்ற கூற்று அதன் பிறப்போடு பொருந்தவில்லை. எம்மவருட் சிலர் விரும்பும் எளிய பொருளாதார விளக்கமும் இங்கு இடறுகின்றது. காசு போட்டு விளையாடும் பொறிகளில் ஆட்டம் முடிவின்றிக் கடுமையாவது அடுத்த காசை விழுங்குவதற்காக என்று நாம் சொல்வோம், அது சரியே. ஆனால் காசே இல்லாத இடத்திற் பிறந்த டெட்ரிசும் முடிவற்றதுதான். அடித்தளம் மேற்கட்டுமானத்தை நிர்ணயிக்கும் முறை ஒருவழிப் பாதையன்று என்பதை இது நினைவூட்டுகின்றது.

அதற்கு ரஷ்ய முகம் வந்த கதை மேலும் சுவையானது. மூல விளையாட்டில் இசை இல்லை. மேற்குக்கு விற்கப்பட்டபோது உறையில் மொஸ்கோவின் புனித பசில் தேவாலயம் அச்சாகியது. 1989இல் நின்டென்டோவின் கையடக்கப் பொறியோடு உலகெங்கும் சென்ற பதிப்பில் ஒலிப்பது ‘கொரொபெய்னிக்கி’ என்னும் ரஷ்ய நாட்டார் மெட்டு. நெக்ராசொவ் 1861இல் இயற்றிய, ஊர்சுற்றும் வியாபாரிகளைப் பற்றிய நெடும்பாடலிலிருந்து கிளைத்தது. இன்று பலர் டெட்ரிசின் ‘ரஷ்ய ஆன்மா’ என்று வியப்பது இம்மெட்டையே. அதனைச் சேர்த்தவர் யப்பானிய விற்பனையாளர். அதாவது குறியீடெனக் கருதப்படுவது பொதியுறை. உள்ளேயிருந்தவருக்கு நேர்ந்தது என்ன? உரிமை சோவியத் அரச நிறுவனங்களின் கையிற் சென்றது. கோடிக்கணக்கிற் பணம் புரண்ட ஆண்டுகளில் பஜித்னொவுக்கு உரிமப்பணம் கிடைக்கவில்லை. 1996ஆம் ஆண்டளவிலேயே அது அவருக்குக் கிட்டத் தொடங்கியது. உழைப்பாளி தன் விளைபொருளிலிருந்து பிரிக்கப்படுதல் முதலாளிய நாடுகளுக்கு மாத்திரம் உரியதென்று கூறும் மார்க்சியம் எமக்கு உடன்பாடானதன்று.

மறியின் வாசிப்பை முற்றாகத் தள்ளவும் நாம் விரும்பவில்லை. அலுவலகக் கணினியின் முன் மேலதிகாரிக்குத் தெரியாமல் கட்டை அடுக்கிய ஊழியனுக்கு அது தன் வேலைநாளைப் போலவே தோன்றியிருக்கலாம். அங்ஙனமாயின் மறி கூறியது டெட்ரிசின் மறைபொருளன்று. அதனை விளையாடியோரின் வாழ்க்கைச் செய்தி. ஒரு கதை காலந்தோறும் புதுப்பொருள் பெறுவது எந்தச் சமூகத் தேவையினால் என்பதை ஆராய்வதற்குக் கைலாசபதி ‘அடியும் முடியும்’ நூலில் 1970இலேயே வழிகாட்டினார். எஸ்கெலினனோ விதிகளை மட்டும் எண்ணிக்கொண்டு சமூகத்துக்குக் கதவடைத்தார். ஒரு காலத்தில் உருவவாதிகள் கவிதைக்குச் செய்ததன் மறுபதிப்பு இது.

உண்மையாகவே ஒரு விளையாட்டினுள் ஒளித்துவைக்கப்பட்ட செய்தி உண்டா என்றால், உண்டு. அட்டாரியின் வீட்டுப்பொறிக்காக வொறன் ரொபினெற் என்ற இளைஞர் தனியொருவராக ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதினார். 1980இல் அது விற்பனைக்கு வந்தது. அக்கம்பனி செய்நிரலாளரின் பெயரை உறையிலோ திரையிலோ வெளியிடுவதில்லை. விற்பனையிற் பங்கும் இல்லை, மாதச் சம்பளம் மட்டுமே. பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பனி அவர்களை இழுத்துக்கொள்ளும். அவர்களும் தமது விலையை உணர்ந்துவிடுவர். 1979இல் நான்கு செய்நிரலாளர் அங்கிருந்து விலகி, அக்டிவிசன் என்ற கம்பனியைத் தொடங்கியமைக்கும் இதுவே காரணம். அங்கு ஆக்கியோர் பெயர் வெளிப்படையாகவே அச்சாகியது. ரொபினெற் வேறு வழி கண்டார். கரிய கோட்டையின் சிக்கறையொன்றில், பின்னணியின் நிறத்திலேயே அமைந்த ஒற்றைப் புள்ளியை வைத்தார். அதனைத் தற்செயலாகத் தொட்டெடுத்துக் குறிப்பிட்ட சுவரொன்றுக்குக் கொண்டுசென்றால் சுவர் வழிவிடும்; உள்ளறையில், இதனை ஆக்கியவர் வொறன் ரொபினெற் என்ற வாசகம் நிறம் மாறி மாறி ஒளிரும். 4 கிலோபைட் மட்டுமே கொண்ட நினைவகத்தில் ஒரு பகுதியை இவ்வறைக்கென ஒதுக்கிய அவர், சக ஊழியருக்கும் அதனைச் சொல்லவில்லை. விளையாட்டு கடைக்கு வருமுன்னரே வேலையை விட்டும் நீங்கினார்.

மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற் பாகத்தில் சரக்கை ஒரு சமூகச் சித்திரவெழுத்துக்கு ஒப்பிட்டார், அதன் பொருளை அவிழ்த்தால் வெளிப்படுவது மனித உழைப்பு. ஒரு பிரதியின் ஆழத்தில் ஆசிரியர் புதைத்த இரகசியம் தேடுவதை விடுத்து, அப்பிரதி எதனைச் சொல்ல இயலாது நிற்கின்றது என்று பார்க்கும்படி பியர் மஷரே 1966இல் வலியுறுத்தினார். அட்வென்ச்சரின் அறையில் இவ்விரு கோட்பாடுகளும் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் மெய்யாகின்றன. சொல்லத் தடுக்கப்பட்டது பெயர். பெயரின் பின்னால் உழைப்பு.

அதன்பின் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. ஓர் இளம் விளையாட்டாளர் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பனிக்குக் கடிதம் எழுதினார். அழித்துத் திருத்துவதற்குச் செலவாகும். மேலும், இத்தகைய ஒளிவிடங்கள் வாங்குவோரைக் கவரும் என்று நிர்வாகம் கண்டுகொண்டது. ஈஸ்டர் முட்டை என்று அதற்கொரு செல்லப்பெயரும் சூட்டப்பட்டது. பின்வந்த விளையாட்டுக்களில் ஒளிவிடங்கள் திட்டமிட்டே வைக்கப்பட்டன. பெயர் மறுக்கப்பட்ட ஒருவரின் எதிர்ப்பு, சில ஆண்டுகளுள் விற்பனை உத்தியாயிற்று. இன்று ‘இவ்விளையாட்டில் என்ன மறைந்துள்ளது?’ என்று வேட்டையாடும் சுவையே அத்தொழிலால் ஊட்டி வளர்க்கப்பட்டது என்பதை மறைபொருள் வாசிப்பாளர் எண்ணிப் பார்ப்பதில்லை. எமது தலைமுறையிற் பலர் இவ்விளையாட்டுக்களை அசற்பொறியிற் காணவில்லை. தொலைக்காட்சியிற் பொருத்தும் மலிவுப் பிரதிக் கருவிகளிலேயே கண்டோம். அப்பிரதிகள் பலவற்றில் முகப்புத்திரையிலிருந்த கம்பனிப் பெயரும் துடைக்கப்பட்டிருந்தது. முதலில் தொழிலாளியின் பெயர், பிறகு முதலாளியின் பெயர்!

இது பொழுதுபோக்குப் பற்றிய சர்ச்சை, மிகையாக வாசித்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உளர். இலங்கையில் இருந்துகொண்டு அவ்வாறு கேட்க இயலாது. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னான நாட்களில், கண்டி மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் பெண் தாம் அணிந்திருந்த ஆடையின் காரணமாகக் கைதானார். அதில் அச்சாகியிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். வாசித்தவர்கள் கண்டது தர்மச்சக்கரம். வட்டமும் ஆரமும் ஒத்திருந்தன; அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. மரியோவின் கொடியை வாசிப்போருக்கும் அவ்வளவே போதுமாகின்றது.

இலக்கியத்துக்கு நேர்ந்ததும் இதுவே. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் ‘நவரசம்’ என்ற தொகுதியை வெளியிட்டார். பெயரே சொல்வதுபோல், சுவைகளின் மரபில் நின்று அமைந்தது அது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் உள்ளன. வெஞ்சினத்தைப் பாடுவது வெஞ்சினத்தைத் தூண்டுவதன்று என்பது மெய்ப்பாட்டியலின் அரிச்சுவடி அறிந்த மாணவனுக்கும் தெரியும். அத்தொகுதியில் தீவிரவாதம் மறைந்திருப்பதாகக் கொண்டு 2020 மே மாதம் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். மரபைப் புறந்தள்ளி, யார் யாருக்கு எதற்காக எழுதினார் என்பதை விடுத்து, தனிச் சொற்களைப் பிடுங்கியெடுத்து, முன்கூட்டியே வைத்திருந்த பொருளை அவற்றின்மேல் ஏற்றும் முறை எவ்வாறிருக்கும் என்பதை அவ்வழக்கு காட்டியது. முறையளவில் அது எமது ஒப்படைகளில் நாம் காணும் முறைதான். வேறுபாடு, வாசிப்பவர் கையிலிருந்த அதிகாரம். 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தபோது 2023 டிசம்பர். கைதாகி மூன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன.